நாமே பின்னலாம் இரு வண்ணப் பர்ஸ்

(பெங்களூர் கல்வி மையத்தில் பேசியது)

 

நம் பாட்டிமார் இடுப்பில் சுருக்குப் பை இருக்கும். அதில் அவர்களுடைய சொந்தக் காசு இருக்கும். நமக்கும் ஒரு பை வேண்டும். உல்லன் நூலில் சிறு பர்ஸ் பின்னலாம், வாருங்கள்.

என்ன வேண்டும்?

சிவப்பு நூல், மஞ்சள் நூல், 4 மில்லி மீட்டர் பின்னல் ஊசி இரண்டு, கொஞ்சம் பருத்தித் துணி, ஒரு டிச் பட்டன்.

முதலில் படம் வரைவோம்

கணக்கு நோட்டில் கட்டம் இருக்கிறது அல்லவா? ஒரு கட்டம் என்றால் ஒரு கண்ணி. இரண்டு கட்டம் சிவப்பு, இரண்டு கட்டம் மஞ்சள் என்று நிரப்புங்கள். எண்ணத் தெரிந்தால் போதும். நீலகிரியில் தோடர் பெண்கள் துணியின் இழைகளை எண்ணியே பூ வேலை செய்கிறார்கள். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

பின்னும் முறை

ஊசியில் சிவப்பு நூலால் 26 கண்ணி ஏற்றுங்கள். ஓரக் கண்ணி இரண்டும் எப்போதும் சிவப்பு. நடுவில் உள்ள 24 கண்ணியில்தான் பூ வரும். ஒரு வரிசை நேர்ப் பின்னல், அடுத்த வரிசை எதிர்ப் பின்னல்.

முதல் வரிசையில் 2 சிவப்பு, 2 மஞ்சள் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். இரண்டாம் வரிசையில் சிவப்பின் மேல் சிவப்பு, மஞ்சளின் மேல் மஞ்சள். மூன்றாம், நான்காம் வரிசைகளில் நிறத்தை இடம் மாற்றுங்கள். இப்படியே 20 சென்டி மீட்டர் நீளம் பின்னி முடியுங்கள்.

பின்பக்கம் போகும் நூலை இறுக்கி இழுக்காதீர்கள். இழுத்தால் பின்னல் சுருங்கும். பிறகு இரண்டாக மடித்து, பக்கங்களைத் தையுங்கள்.

உள்துணி எதற்கு?

பின்னலில் துளை இருக்கும். சில்லறை நழுவி விழும். உள்ளே ஓடும் நூலில் விரலும் சாவியும் மாட்டும். உள்துணி இரண்டையும் தடுக்கும்.

துணியை முதலில் நனைத்துக் காய வையுங்கள். பின்னல் 11 சென்டி மீட்டர் அகலம், 20 நீளம் என்றால், துணியை 13 அகலம், 22 நீளம் வெட்டுங்கள். மடித்து, பக்கங்களை 1 சென்டி மீட்டர் விட்டுத் தையுங்கள். வாய் ஓரத்தை வெளிப்புறமாக 1 சென்டி மீட்டர் மடியுங்கள். பையைப் புரட்ட வேண்டாம். அப்படியே பர்ஸுக்குள் வைத்து, வாயைச் சுற்றித் தையுங்கள். பிசிறு உள்ளே மறைந்துவிடும். கடைசியில் பட்டன்.

விலை என்ன?

சகோதரிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். பெங்களூரில் பல பெண்கள் வீட்டில் ஊதுபத்தி உருட்டுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. எத்தனை மணி நேரம் ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

நம் பர்ஸுக்கு நாமே கணக்கு எழுதுவோம். நூல், துணி, பட்டன் சேர்த்து 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை 3 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்றால் 150. மொத்தம் 185 ரூபாய். ஒருவர் 60 ரூபாய்க்குக் கேட்டால், நம் மூன்று மணி நேர உழைப்புக்கு 25 ரூபாய்தான் மிஞ்சும். நோட்டில் எழுதி வைத்தால் இது கண்ணுக்குத் தெரியும்.

சேர்ந்து செய்தால் பலம் கூடும். பல்லாரி மாவட்டம் சந்தூரில் லம்பாணிப் பெண்கள் ஒரு கைவினை மையத்தின் மூலம் சேர்ந்து வேலை செய்கிறார்கள். 2023-இல் ஹம்பியில் அவர்களுடைய 1,755 பொருட்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அது கின்னஸ் சாதனை ஆனது.

ஆகவே பின்னுங்கள். பின்னிய நேரத்தையும் எழுதுங்கள். விலையை நீங்களே சொல்லுங்கள்.