ஊத் வாத்தியத்தின் விரற்பலகை

அராபியரின் நரம்பு வாத்தியங்களுள் தலைமை பெற்றது ஊத். பேரிக்காயை நெடுக்கே பிளந்தாற்போன்ற உடலும், குறுகிய கழுத்தும், பின்னோக்கி மடிந்த தலையும் உடையது. ஊத் என்பதற்கு மரம் என்பதே பொருள். ‘அல்-ஊத்’ என அடையொடு வழங்கிய அப்பெயரே மேனாடு சென்று ‘லூட்’ என மருவிற்று. இதனை ஆக்குங் கலையையும் மீட்டுங் கலையையும் ஈரானும் சிரியாவும் முன்வைக்க, யுனெஸ்கோ நிறுவனம் 2022ஆம் ஆண்டில் மானிட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

கழுத்தின் முகத்தில், வாசிப்போன் நரம்பை அழுத்துமிடத்தில் ஒட்டப்படும் மெல்லிய பலகையே விரற்பலகை. வீணையில் மெழுகிற் பதித்த மெட்டுகள் விரலுக்கு வழிகாட்டுகின்றன. ஊத்தில் அவை இல்லை. வயலினைப் போல வெறும் பலகைதான். ஆகவே பலகையின் குற்றமெல்லாம் சுரத்தின் குற்றமாகிவிடும். ‘ராஸ்த்’ என்னும் அராபிய இராகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் காந்தாரம் நமது சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே நிற்பது. 61 சென்ரிமீற்றர் நீளமான நரம்பில் இவ்விரு காந்தாரங்களுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றரே. அதற்குள் அந்த மூன்றாங் காந்தாரத்தை விரல் தேடிக் காண வேண்டும். எகிப்தியன் ஓரிடத்திற் காண்பான். துருக்கியன் சற்று மேலே காண்பான். பலகையில் மேடுபள்ளம் இருப்பின் இருவரும் தவறுவர்.

பலகைக்கு விரும்பப்படுவது கருங்காலி. நரம்பின் உராய்வுக்கு எளிதில் தேயாத கடினமும், நீரில் அமிழும் பாரமும் அதற்குண்டு. இலங்கையின் வறண்ட வலயக் காடுகளிற் கிடைக்கும் கருங்காலி உலகெங்கும் புகழ்பெற்றது. இன்று இலங்கையும் இந்தியாவும் அதன் வெளிநாட்டு விற்பனையைச் சட்டத்தால் தடுத்திருப்பதால், வாத்தியஞ் செய்வோர் பெரும்பாலும் ஆபிரிக்கக் கருங்காலியையே நாடுகின்றனர்.

கழுத்து உடலுடன் கூடுமிடம் நரம்பின் நீளத்தில் மூன்றிலொரு பங்கில் அமைவது மரபு. அங்கே அழுத்தினால் பஞ்சமம் பிறக்கும். நரம்புக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளி அவ்விடத்தில் 3 மில்லிமீற்றர் அளவில் நிற்பது நன்று. கூடினால் விரல் நோகும், சுரமும் ஏறும். குறைந்தால் நரம்பு பலகையிற் பட்டுக் கரகரக்கும். பலகை முற்றிலும் நேராயிருத்தலும் ஆகாது. அதிரும் நரம்புக்கு இடம்விட, நீளவாக்கில் நடுவே அரை மில்லிமீற்றருக்கு மேற்படாத குழிவு வேண்டும். மட்டக்கோலை வைத்து அதன் அடியிற் கசியும் வெளிச்சத்தைக் கொண்டே கம்மியன் இதனை அளக்கிறான்.

ஒட்டுவதற்கு விலங்கின் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரமே உரியது. அது ஆறுமுன் வேலை முடியவேண்டும். ஆதலால் கழுத்தையும் பலகையையும் முன்னரே வெதுவெதுப்பாக்கிக்கொள்வர். வச்சிரத்தின் நீரை ஒரு பக்கம் மட்டும் உறிஞ்சும் மெல்லிய பலகை உடனே சுருளப் பார்க்கும். மறுபக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து, நேரான கட்டையொன்றை மேலே வைத்து, இறுக்கிகளைப் பூட்டி ஒரு நாளாவது விட்டுவைக்க வேண்டும். ஈரம் உலருமுன் சீவியவன், சில நாளின் பின் அதே வேலையைத் திரும்பச் செய்வான்.

பழைய வாத்தியத்தைச் செப்பனிடுகையிலேதான் சிக்கல் மிகுதி. பதினொரு நரம்புகளின் இழுவை 30 கிலோகிராமுக்கும் மேல். ஆண்டுகள் பலவாக அதனைத் தாங்கிய கழுத்து மெல்ல முன்னே சாயும். நரம்பு உயர்ந்து நிற்கும். பலகையைச் சீவித் தள்ளிவிடலாம் என்று அவசரக்காரனுக்குத் தோன்றும். ஆனால் ஒருமுறை சீவியதைத் திரும்ப வைக்க முடியாது. டமாஸ்கஸ் நகரின் நஹாத் குடும்பத்தார் அல்லது இஸ்தான்புல் நகரின் மனோல் கைப்பட்ட பலகையாயின் இழப்பு எத்தகையது! நிதானமுள்ளவன் சூட்டாலும் ஈரத்தாலும் வச்சிரத்தை இளக்கிப் பலகையைச் சேதமின்றிக் கழற்றுவான். அதன் அடியில், உடலை ஒட்டிய பக்கம் தடித்தும் தலைப்பக்கம் மெலிந்தும் சீவிய ஆப்பு வடிவான மரத்தகட்டை இட்டுப் பழைய பலகையையே மீண்டும் ஒட்டுவான். சாய்வு மிகுதியாயின் கழுத்தையே கழற்றிப் புதிதாய்ப் பொருத்த நேரிடும். இக்காலத்துச் செயற்கைப் பசைகள் உறுதியானவை என்பது மெய்தான். ஆயினும் அவற்றுட் பல சூட்டுக்கும் ஈரத்துக்கும் எளிதில் இளகா. அவற்றால் ஒட்டியவன் தனக்குப் பின்வரும் கம்மியனின் கைகளைக் கட்டிவிடுகிறான்.

ஒட்டி உலர்ந்தபின் நரம்புகளை ஒரேயடியாக முறுக்குவதில்லை. முதலிற் சுருதி தாழ்த்திக் கட்டி, சில நாள் கழுத்தைப் பழக்கி, மட்டக்கோலை மறுபடி வைத்துப் பார்ப்பர். தேவையான இடத்தில் மெல்லச் சுரண்டியபின், ராஸ்தின் அந்தக் காந்தாரத்தை முதலில் அழுத்திப் பார்க்கலாம்.