கொல்கத்தா ஆறும் நமது கொழுந்தும்

(திருநெல்வேலியில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொல்கத்தா கடலோர நகரமல்ல. கடலிலிருந்து 200 கிலோமீற்றருக்கும் மேலே, ஹூக்ளி ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றிலே வண்டல் சேர்ந்து கப்பல் தட்டும். அதற்காக 1975இல் பரக்கா அணையிலிருந்து கங்கைத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1977இல் கீழே ஹால்டியாவில் இன்னொரு துறைமுகம் திறந்தார்கள்.

இவ்வளவு தொல்லைப்பட்டு அந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது எதற்காக? வங்காளத்துச் சணலுக்கும் அசாம் தேயிலைக்கும்தான். 1855இல் ரிஷ்ராவில் தொடங்கிய சணல் ஆலைகள் கரை நெடுகப் பரவின. 1861இல் தேயிலை ஏலம் தொடங்கியது. ஏல மண்டபத்துக்குப் பெயர் நீல்ஹாட். அவுரிச் சந்தை என்று அர்த்தம். சரக்கு மாறியது, சந்தை மாறவில்லை. நமது கொழும்பு ஏலம் 1883இல் வந்தது.

இன்னொரு ஆற்றுத் துறையையும் சொல்ல வேண்டும். மேக்னா ஆற்றங்கரையில் சாந்த்பூர். 1921 மே மாதம், கூலி போதாமல் சர்கோலாத் தோட்டங்களை விட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பப் புறப்பட்டார்கள். சாந்த்பூரில் ஸ்டீமர் ஏற விடவில்லை. ரயில் நிலையத்தில் படுத்திருந்தவர்களை இரவிலே கூர்க்காச் சிப்பாய்கள் அடித்து விரட்டினார்கள். பிறகு வாந்திபேதி. அப்போது ஸ்டீமர் தொழிலாளரும் ரயில்வேத் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் ஒரு கொழுந்து கிள்ளியவர்கள் அல்ல! துறைமுகத்தில் நிற்பவனுக்கும் மலையில் நிற்பவளுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இங்கே திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் கொண்டுவரும் விவசாயி, அது என்ன விலைக்குப் போகிறதென்று பக்கத்தில் நின்று பார்க்கிறார். ஏமாற்றினாலும் கண்ணுக்கு முன்னால்தான் ஏமாற்ற வேண்டும். நமக்கு அந்த வசதியும் இல்லை. கொழுந்து மடுவத்தில் நிறுத்ததோடு நமது பார்வை முடிந்துவிடுகிறது.

2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய், அதற்கு மேல் 50 ரூபாய் “விலைப் பங்கு” என்று இருந்தது. எந்த விலையில் பங்கு? யார் கணக்குக் காட்டினார்கள்? 2021இல் 1000 ரூபாய் வந்தபோது 900 அடிப்படை, 100 கொடுப்பனவு. விலைப் பங்கு என்ற சொல்லே போய்விட்டது.

ஒவ்வொரு தோட்டத்துத் தூளும் அதனதன் மார்க்கில்தான் ஏலத்துக்குப் போகிறது. சராசரி விற்பனை விலை துரையின் மேசையில் இருக்கும், என்.எஸ்.ஏ. என்பார்கள். அந்த எண்ணை மாதாமாதம் மடுவத்தில் எழுதி ஒட்டும்படி ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் கடிதம் கொடுக்க வேண்டும். மிச்சக் கணக்கை எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுத் தருவார்கள்.