இலவசம் என்றாலும் வராதவர்கள்



நம் தமிழ்ச் சங்க விழாவில் மாலையிலிருந்து பெற்றோர் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்: "ஏ.ஐ. எல்லா வேலையையும் செய்துவிடும் போலிருக்கிறதே, பிள்ளையை எதைப் படிக்கவைப்பது?" மதுரையை வைத்துப் பதில் சொல்கிறேன்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-இல் அங்கே 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களாலேயே அறுவை செய்யப் பழகியவர் அவர். அவரும் குழுவினரும் ஊர் ஊராகக் கண் முகாம் நடத்தினார்கள். கண்புரை முற்றிய பலர், அறுவை இலவசம் என்று சொல்லியும் வரவில்லை. 'படிக்காத சனம், சொன்னால் புரியாது' என்று விட்டிருக்கலாம். விடவில்லை, காரணம் தேடினார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை. துணைக்கு வருகிறவருக்குக் கூலி போகும். மதுரையில் யார் சோறு போடுவார்கள்? இருக்கிற மங்கல் பார்வையும் போய்விட்டால்? பிறகு முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைத்துப்போய், சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்து, ஊரில் கொண்டுவந்து விட ஏற்பாடு செய்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பணியில் வைத்தார்கள். அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் வெளிநாட்டு லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதையும் தாங்களே செய்தார்கள்.

இதில் கற்பனைத் திறன் எது, பரிவு எது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வராதவரின் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே வழி பிறந்திருக்கிறது.

இனி ஏ.ஐ.க்கு வருவோம். இதே மருத்துவமனை தந்த விழித்திரைப் படங்களையும் கொண்டுதான், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியக் கூகுள் தன் கணினியைப் பழக்கியது. அந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. படத்தை இயந்திரம் பார்க்கட்டும், நல்லதுதான். படமெடுக்கவே வராத பாட்டி ஏன் வரவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்க ஆள் வேண்டுமே! நாளைய வேலையில் மதிப்பு அந்த ஆளுக்குத்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனால் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பெற்றோர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒப்பிக்கும் பேச்சுப்போட்டியை இந்த ஆண்டு நிறுத்திவைப்போம். பதிலாக, மகன், மகளோடு இருக்க ஊரிலிருந்து வந்து, இங்கே பேச ஆளில்லாமல் தவிக்கும் பெரியவர்களிடம் நம் பள்ளிப் பிள்ளைகளை அனுப்புவோம். அந்தப் பெரியவருக்கு இங்கே என்ன சிரமம் என்று தமிழில் கேட்டறிந்து, அதில் ஒன்றையாவது தீர்க்க ஒரு வழியைப் பிள்ளையே யோசித்துவரட்டும். அடுத்த ஆண்டு விழாவில் பரிசை அதற்குக் கொடுங்கள்.