பத்து நிமிஷத்துல கருப்பாகுமா மருதாணி?

இந்த எபிசோடு இருபது பிளஸ்லயே நரைக்க ஆரம்பிச்சவங்களுக்கு. என்னையும் சேர்த்துதான்.

முதல்ல ஒண்ணு. மருதாணி முடியைக் கருப்பாக்காது. அதுல இருக்கிற லாசோன்ங்கிற நிறமி முடியோட கெரட்டின் புரதத்தைப் பிடிச்சுக்கும். வர்ற நிறம் செம்மஞ்சள். 'ஹென்னா'ன்னு எழுதின பாக்கெட் பத்து நிமிஷத்துல கருகருன்னு ஆக்கினா, உள்ளே வேற ஏதோ இருக்கு. பெரும்பாலும் பிபிடி, அதாவது பாரா ஃபினைலின் டைஅமின். பாக்கெட் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும், தேடிப் படிங்க.

1883ல பிரான்ஸ்ல முடிச் சாயத்துக்குக் காப்புரிமை வாங்கின சரக்கு இது. நம்ம பாஷையில சொன்னா 140 வருஷ லெகசி கோடு. வேலை செய்யுதே, யார் மாத்துவாங்க? மூலக்கூறு ரொம்பச் சின்னது, முடிக்குள்ள நுழைஞ்சிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டதும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெருசாகி, கருப்பாகி, உள்ளேயே மாட்டிக்கும். அம்மோனியா கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான். அதனால 'அம்மோனியா ஃப்ரீ'ன்னு போட்டிருந்தா பிபிடி இல்லைன்னு அர்த்தம் கிடையாது.

எங்க பெரியப்பா பல வருஷமா ஒரே டைதான் அடிச்சார். ஒருநாள் காலையில ரெண்டு கண்ணிமையும் வீங்கி எழுந்தார். "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையேடா"ன்னார். இந்த அலர்ஜி அப்படித்தான். உடம்பு ஒருதரம் எதிரின்னு முடிவு பண்ணிட்டா, பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. கல்யாண வீட்டுல போடுற கருப்பு கோன் சிலதுலயும் இதே பிபிடி உண்டு. ஐரோப்பாவுல தலைமுடி டையில 2 சதவீதம் வரைக்கும் விடுறாங்க. தோல்ல பூச அனுமதியே இல்லை. இன்னிக்குக் கையில போட்ட கோன், பத்து வருஷம் கழிச்சு டை அடிக்கும்போது முகத்துல வேலையைக் காட்டலாம்.

மாற்று? கூடுவாஞ்சேரியில இருந்து ஜிஎஸ்டி ரோட்டுல தெற்கே போனா திண்டிவனம் பக்கம் விளையுதே, அந்த அவுரிதான். முதல்ல மருதாணி, சில மணி நேரம். அலசிட்டு அவுரி இலைப்பொடி, ஒண்ணு ரெண்டு மணி நேரம். செம்மஞ்சள் மேல நீலம் ஏறினா கருப்பு. அவுரியைக் கரைச்ச கொஞ்ச நேரத்துலயே பூசிடணும், வச்சிருந்தா வீணாகிடும்.

இயற்கைன்னா எல்லாருக்கும் ஒத்துக்கும்னும் இல்லை. ஜி6பிடி நொதிக் குறைபாடு இருக்கிற குழந்தைக்கு மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களை உடைச்சிடலாம். எதைப் போட்டாலும் முழங்கை உள்பக்கம் துளி தடவி 48 மணி நேரம் பாருங்க.

அவுரி போட்ட முதல் நாள் முடி லேசா பச்சையடிச்ச மாதிரி தெரியும். ரெண்டு நாள்ல கருத்துடும். திங்கட்கிழமை ஸ்டாண்டப் மீட்டிங்ல கேமரா ஆன் பண்ணணும்னா, வெள்ளிக்கிழமை நைட்டே போட்டுடுங்க.