எழும்புவதற்குச் சற்று முன்

2025 ஆகஸ்ட் 15 ஆம் திகதி அதிகாலை. கியூபெக்கின் வடக்கே, மிஸ்டிசினிக்கும் அப்பால், கிரீ மக்களின் நிலத்திலிருந்து 13 மீற்றர் உயரமான ரொக்கெட் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு எழும்பியது. ஸ்டார்செய்லர் என்று பெயர். அதைச் செய்தவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், மொன்றியல் கொன்கோர்டியா பல்கலைக்கழக மாணவர்கள். 2018 இல் தொடங்கிய வேலை. கனடிய மண்ணிலிருந்து விண்வெளியை நோக்கி ஒரு ரொக்கெட் கிளம்பிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. மேலே போய்க்கொண்டிருக்கும்போதே அது இரண்டாகப் பிரிந்துவிட்டது, விண்வெளியைத் தொடவில்லை.

ஆனால் படம் கிடைத்தது. தளத்தை விட்டு அது எழும்பும் படத்தைப் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் உடையப்போகிறது என்பதற்கு அதில் ஓர் அறிகுறியும் இல்லை. வென்ற ரொக்கெட்டும் தோற்ற ரொக்கெட்டும் கிளம்பும்போது ஒரே மாதிரித்தான் இருக்கும். அதனால்தானோ என்னவோ, ரொக்கெட் எழும்பும் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு அலுத்துப்போகிறது. நெருப்பு, புகை, நீலவானம். கிளம்புவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று காட்டும் படங்கள்தான் மனதில் நிற்கின்றன. ரொக்கெட்டோ, கப்பலோ, பறவையோ, கிளம்புகிற எதையும் படம்பிடிக்கப் போகிறவருக்கு அந்த முன்நேரம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

ரொக்கெட்டைப் படமெடுப்பது கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். கிளம்புகிற எல்லாவற்றிலும் இலகுவானது அதுதான். எப்போது கிளம்புவேன் என்று செக்கன் கணக்கில் எண்ணிச் சொல்கிறது; எங்கிருந்து எழும்பும் என்பதும் தெரியும். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன சற்றேர்ன் 5, தன் எடையைவிடச் சற்றே கூடிய உந்துவிசையோடு எழும்பியது. ஏவுகோபுரத்தைத் தாண்டவே ஏறக்குறைய 10 செக்கன் எடுத்தது. ஶ்ரீஹரிகோட்டாவிலிருந்து போகும் பி.எஸ்.எல்.வி. அவ்வளவு பொறுமைசாலி இல்லை. முதற்கட்டம் திட எரிபொருள், பற்றியதும் பாய்ந்துவிடும். அங்கே எண்ணிக்கை பூச்சியத்தைத் தொடுமுன்பே விரல் அழுத்தியிருக்க வேண்டும்.

சிக்கல் வெளிச்சத்தில்தான். காட்சியில் உள்ள எல்லாவற்றையும்விட ரொக்கெட்டின் வால்நெருப்புப் பிரகாசமானது. உடலுக்கு ஏற்றபடி கமராவை வைத்தால் நெருப்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். நெருப்புக்கு ஏற்றபடி வைத்தால் சுற்றிலும் இருட்டு. அனுபவசாலிகள் நெருப்பின் பக்கம் சாய்வார்கள். இருட்டிலிருந்து பிறகு கொஞ்சம் மீட்கலாம். வெளுத்துப்போனதிலிருந்து ஒன்றையும் மீட்க முடியாது.

ஏவுதளத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்க முடியாது. எனவே முன்கூட்டியே கமராக்களைக் கொண்டுபோய், முக்காலியை நிலத்தோடு கட்டி, பிளாஸ்டிக் பையால் போர்த்திவிட்டு வந்துவிடுவார்கள். இயந்திரத்தின் இரைச்சல் கேட்டதும் கமரா தானாகவே எடுக்கத் தொடங்கும். ஐந்து கிலோமீற்றர் தள்ளி நிற்பவருக்கு இந்த உத்தி உதவாது. இரைச்சல் வந்து சேரவே 15 செக்கன் ஆகும், ரொக்கெட் போய்விடும். 2018 மே மாதம் கலிபோர்னியாவின் வண்டன்பேர்க் தளத்தில், நாசாவின் புகைப்படக்காரர் பில் இங்கல்ஸ் இப்படி வைத்த கமராக்களில் ஒன்று உருகிப்போனது. வேடிக்கை என்னவென்றால், தளத்துக்கு மிக அருகே வைத்தவை தப்பிவிட்டன. தள்ளி வைத்ததுதான் புல்லில் பற்றிய தீயில் மாட்டிக்கொண்டது. உள்ளே இருந்த நினைவக அட்டை பிழைத்தது; தீ தன்னை நெருங்குவதை அந்தக் கமரா படமாக்கியிருந்தது.

மொன்றியலுக்கு விண்வெளியோடு இன்னும் பழைய, கொஞ்சம் விசித்திரமான ஓர் உறவு உண்டு. 1960களில் மக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜெரால்ட் புல் என்ற பொறியியலாளர், மேலே அனுப்ப ரொக்கெட் எதற்கு, பீரங்கியால் சுட்டால் போதாதா என்று கேட்டார். கேட்டதோடு நிற்கவில்லை. பார்படோஸ் தீவில் 16 அங்குல வாயுள்ள கடற்படைப் பீரங்கியை நிமிர்த்தி வைத்துச் சுட்டும் பார்த்தார். 1966 நவம்பரில் அரிசோனாவின் யூமாவில் இருந்த இன்னொரு பீரங்கி சுட்டது 180 கிலோமீற்றர் உயரம் போனது. அந்த எறிகலங்களுக்கு மார்ட்லெட் என்று பெயர். மக்கில் இலச்சினையில் இருக்கும் சிறு பறவை அது. கால் இல்லாத கற்பனைப் பறவை, தரையிறங்கவே மாட்டாது. புல்லின் கதை பின்னால் இருண்டது. ஈராக்குக்கு ராட்சதப் பீரங்கி செய்யப் போய், 1990 இல் பிரசல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதை இன்னொரு நாள் பேசலாம். படமெடுப்பவருக்கு வேண்டியது ஒரு சின்னக் கணக்கு. குழலை விட்டு வெளியேறும்போது மார்ட்லெட்டின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 2 கிலோமீற்றர். செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தாலும், அதற்குள் அது 2 மீற்றர் ஓடிவிடும். சாதாரணக் கமராவில் விழுவது ஒரு கோடுதான். அங்கே மனித விரலுக்கு வேலை இல்லை.

உயிருள்ள பறவையிடம் வரும்போது விரலுக்கு மறுபடி வேலை வருகிறது.

மொன்றியலின் லசால் பகுதியில், லாஷீன் பாய்ச்சலை ஒட்டி, பார்க் டே ரப்பீட் என்ற ஆற்றங்கரைப் பூங்கா இருக்கிறது. ஒருகாலத்தில் அங்கே இருந்த நீர்மின் நிலைய அணையின் மிச்சம் ஆற்றுக்குள் முனைபோல நீண்டு கிடக்கிறது. எதிரே நாரைத் தீவு, பறவைகளின் சரணாலயம். நீரோட்டம் கடுமையாதலால் பனிக்காலத்திலும் அந்த இடம் முழுவதும் உறைவதில்லை. வாத்துகள் அங்கேயே காலம் தள்ளிவிடும். கோடையில் போனால் பெரிய நீல நாரையைக் காணாமல் திரும்பமாட்டீர்கள்.

விரித்தால் சிறகு ஏறக்குறைய 2 மீற்றர். உடம்போ இரண்டரைக் கிலோ அளவுதான். கல்லின் மேல் அசையாமல் நிற்கும். புதிதாக வந்தவர் கமராவைத் தூக்கிப் பிடித்துப் பிடித்துக் கை சோர்ந்து கீழே இறக்குவார். அந்த நேரம் பார்த்து எழும்பிவிடும். எனக்கு மட்டும் ஏன் இப்படி நடக்கிறது என்று அலுத்துக்கொள்வார். எல்லாருக்கும் அப்படித்தான் நடக்கிறது. நாரையும் முன்கூட்டியே சொல்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. முதலில் கழுத்தை நிமிர்த்தும். விறைப்பாகப் பார்க்கும். குலைந்திருந்த இறகெல்லாம் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு காலைச் சற்று மடக்கி முன்னுக்குச் சாயும். பல நேரங்களில் அதற்கும் முன்பே பின்பக்கமாக வெள்ளையாய் ஒரு பீச்சல். வானொலியில் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்றாலும் பறவைப் படம் எடுப்பவர்கள் இந்த அறிகுறியை மிகவும் நம்புவார்கள். அதைக் கண்டுவிட்டால் கண்ணைக் கமராவிலிருந்து எடுக்காதீர்கள். ஷட்டர் வேகம் ஆயிரத்து அறுநூறில் ஒரு பங்கோ அதற்கு மேலோ இருக்கட்டும். சட்டத்துக்குள் சிறகு விரிய இடம் விட்டுப் பிடியுங்கள். நிற்கும் நாரையைச் சட்டம் நிறையப் பிடித்தவருக்கு, பறக்கும் நாரையின் இரண்டு சிறகு நுனியும் வெட்டுப்பட்டுவிடும்.

அடுத்தது காற்று. பறவை காற்றை எதிர்த்தே எழும்பும். காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால், அது உங்களைப் பார்த்தபடி எழும்பும். மறுபக்கம் நின்றால் வால்தான் மிஞ்சும். வட்சப் குழுக்களில் எனக்கு வந்து சேரும் பறவைப் படங்களில் பாதி வால்ப்படங்கள்!

எல்லாப் பறவையும் ஒரே மாதிரி எழும்புவதுமில்லை. பச்சைத்தலை மல்லார்ட் வாத்து தண்ணீரிலிருந்து நேரே மேலே துள்ளிவிடும். முக்குளிக்கும் வாத்துகளால் அது முடியாது. நீர்மேல் ஓடித்தான் எழும்பும். எல்லாரிலும் பாவம் லூன், 1987 முதல் எங்கள் ஒரு டொலர் குத்தியில் மிதக்கும் பறவை. உடம்பு கனம், சிறகு சிறிது, கால்கள் பின்கோடியில். சிறகடித்துக்கொண்டு நீர்மேல் நெடுந்தூரம் ஓடவேண்டும். சின்னக் குளத்தில் இறங்கிவிட்டு ஓட இடமில்லாமல் மாட்டிக்கொள்வதும் உண்டு. படமெடுப்பவருக்கு அந்த ஓட்டம் ஒரு வரம். ஒன்றன்பின் ஒன்றாக நீரில் காலடித் தெறிப்புகள் விழுந்து கிடக்க, கடைசித் தெறிப்புக்கு மேலே பறவை.

கையைத் தட்டியும் கல்லெறிந்தும் பறவையைக் கிளப்பிப் படமெடுப்பவர்களையும் அந்தக் கரையில் காண்கிறேன். அப்படி எடுத்த படத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். கழுத்து நிமிர்ந்திருக்காது, காற்றுத் திசையும் பார்த்திருக்காது. முதுகைக் காட்டிக்கொண்டு தப்பி ஓடும். நல்ல படமும் இல்லை, நல்ல காரியமும் இல்லை. 1882 இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே, பறவைகளை எடுக்கத் துப்பாக்கி வடிவிலேயே ஒரு கமரா செய்தார். விசையை அழுத்தினால் செக்கனுக்கு 12 படம். அவர் குறிவைத்த பறவைகள் பறந்தபடியே இருந்தன என்பதை இவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

கப்பலுக்கு வருவோம். 1857 நவம்பர் 3 ஆம் திகதி லண்டனில், அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பலான கிரேற் ஈஸ்ரேனைத் தேம்ஸ் ஆற்றில் இறக்க நாள் குறித்தார்கள். 211 மீற்றர் நீளம். பக்கவாட்டில் தள்ள ஏற்பாடு. நுழைவுச்சீட்டு விற்று ஊரையே கூட்டியாயிற்று. கப்பல் சில அடி நகர்ந்து நின்றுவிட்டது. கட்டுமீறிச் சுழன்ற கைப்பிடியில் அடிபட்டு ஒரு தொழிலாளி இறந்துபோனார். கடைசியில் அது தண்ணீரில் மிதந்தது 1858 ஜனவரி 31 இல். வெள்ளோட்டம் மூன்று மாதம் இழுத்தது!

அந்த நாட்களில்தான் ராபர்ட் ஹௌலெட் என்பவர் அந்தக் கப்பலின் பொறியியலாளர் புரூனேலைப் படமெடுத்தார். பின்னால் ஆளைவிட உயரமாகச் சுற்றிக் கிடக்கும் இரும்புச் சங்கிலி. முன்னால் உயரத் தொப்பி, வாயில் சுருட்டு, காற்சட்டைப் பையில் கைகள், சேறு பிடித்த காற்சட்டை. கப்பல் படத்தில் இல்லை. ஆனாலும் கப்பல் இறக்குவது பற்றி இதற்கு நிகரான படம் இன்னொன்று இல்லை என்பேன். இந்தியாவின் தும்பா ஏவுதளத்தில் 1966 இல் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன் எடுத்ததும் இந்த வகைதான். ரொக்கெட்டின் கூர்முனையைச் சைக்கிளில் வைத்து நடத்திக்கொண்டு போகிறார்கள். இந்திய விண்வெளித் திட்டம் என்றதும் பலருக்கும் அந்தச் சைக்கிள்தான் ஞாபகம் வருகிறது.

நகராத கிரேற் ஈஸ்ரேனுக்கு யோசனை சொல்ல வந்தவர்களில் ஒருவர் ராபர்ட் ஸ்டீவன்சன். எங்கள் விக்டோரியாப் பாலத்தின் வடிவமைப்பில் பெரும் பங்கு அவருடையது. அந்தப் பாலம் எழும்புவதை இங்கே படமெடுத்துக்கொண்டிருந்தவர் வில்லியம் நோட்மன். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டுக்கு ஓடுகிறதைப் பிடிக்க வேகம் போதாது. எனவே 1870 இல் விக்டோரியா சறுக்கரங்கத்தில் நடந்த விழாவைக் காட்ட நோட்மன் ஒரு குறுக்குவழி கண்டார். ஏறக்குறைய முந்நூறு பேரைத் தனித்தனியே ஸ்டூடியோவுக்கு அழைத்து, சறுக்குவதுபோல் நிறுத்தி எடுத்து, வெட்டி, தீட்டிய பின்னணியில் ஒட்டினார். நோட்மன் சேகரிப்பு மக்கோர்ட் ஸ்டூவர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அத்தனை பேரும் சறுக்குகிறார்கள், ஒருவரும் அசையவில்லை.

எங்கள் பக்கத்துக் கதையில் முன்நேரப் படங்கள்தான் குறை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்மரக்கப்பல் 1938 இல் அத்லாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. போய்ச்சேர்ந்ததற்குப் படம் உண்டு. வல்வெட்டித்துறைக் கரையில் அதைக் கடலில் இறக்கிய நாளின் படத்தை நான் கண்டதில்லை. 1986 ஆகஸ்ட் 11 இல் நியூபவுண்ட்லாந்துக் கடலில், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். பத்திரிகையில் வந்தவை கரைசேர்ந்த முகங்கள். ஏற்றிவந்த கப்பலிலிருந்து அந்தப் படகுகளை இறக்கிய நேரத்தில் கமராவை நீட்டும் எண்ணம் யாருக்கு வந்திருக்கும்? அவர்களில் பலர் பிறகு இந்த நகரத்துக்கு வந்தார்கள். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது அந்தப் படகில் இருந்திருக்கலாம். இருந்தால், அந்த நேரத்தைப் பேரப்பிள்ளைகளிடம் வாயாலாவது சொல்லி வையுங்கள்.

கடைசியாக, லா ரோந்த் கேளிக்கைப் பூங்காவில் 1985 இல் தொடங்கிய கோடைகால வாணவேடிக்கைப் போட்டி. கைத்தொலைபேசியோடு ஜாக் கார்த்தியே பாலத்தில் ஏறப்போகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கமராவோ தொலைபேசியோ, முக்காலியில் பூட்டுங்கள். ஆட்கள் நடந்தால் பாலம் அதிரும், முக்காலியும் அதிரும். படத்துக்குக் கரைதான் நல்லது. ஷட்டரை மூன்று நான்கு செக்கன் திறந்து விடுங்கள். வெடிக்கும் சத்தத்தை நம்பாதீர்கள், அது பிந்தித்தான் வரும். கீழே பொறி தெரிந்ததும் திறவுங்கள். காற்று மேற்கிலிருந்து வந்தால் நகரப் பக்கம் நில்லுங்கள், கிழக்கிலிருந்து வந்தால் லொங்கேய் பக்கம். எதிர்க்கரையில் நிற்பவருக்குப் புகைதான் கிடைக்கும். எடுப்பதை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கண்ணால் பாருங்கள்.