முதல் மடக்குத் தண்ணீர்



தக்கலைப் பக்கம் ஒருவர் ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வீடு வந்தால், அடுப்பில் முதலில் ஏறுவது கஞ்சிப் பானைதான். நாள்கணக்கில் வென்டிலேட்டரில் கிடந்து எலும்பும் தோலுமாக வந்தவரிடம், "ரெண்டு மடக்கு கஞ்சித்தண்ணி குடிங்க" என்று டம்ளரை நீட்டுவோம். அந்த டம்ளரைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

செயற்கைச் சுவாசக் குழாய், குரல்நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழலில் நிற்கிறது. அது அழுத்திக்கொண்டே இருப்பதால் தொண்டை வீங்கும், தசை தளரும், உணர்ச்சி மங்கும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணக்குப்படி, குழாய் எடுத்தவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு விழுங்குவதில் சிரமம்.

நமக்குப் புரையேறினால் 'யாரோ நினைக்கிறாங்க' என்று உச்சந்தலையில் தட்டுவோம். அந்த இருமல்தான் நுரையீரலுக்குக் காவல். மரத்துப்போன தொண்டையில் அந்தக் காவலே இல்லாமல் போகலாம். தண்ணீர் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கும். பிறகு காய்ச்சல், நிமோனியா, மறுபடி ஆஸ்பத்திரி. ஆகவே, "இருமவே இல்லையே" என்று நிம்மதி அடையாதீர்கள். குடித்தபின் குரல் களகளவென்று ஈரமாகக் கேட்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

கெட்டியானதுதான் ஆபத்து என்று நினைக்கிறோம். பலருக்கு ஆபத்து தண்ணீரில். தளர்ந்த தொண்டை மூடுவதற்குள் அது ஓடிவிடும். இளநீரும் கட்டன்சாயாவும் அப்படியே. ஐஸ்கிரீம்கூட வாயில் உருகித் தண்ணீராகிவிடும். நம் கஞ்சியில் மேலே தெளிந்த நீர், அடியில் பருக்கை. ஒரே வாயில் இரண்டையும் சமாளிப்பது இன்னும் கடினம். சிறுபயறோடு குழைய வேகவைத்து, மிக்ஸியில் அரைத்து, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் பொத்தென்று விழும் பதத்துக்குக் கொண்டுவரலாம். மரச்சீனியை எவ்வளவு மசித்தாலும் தொண்டையில் ஒட்டும், இப்போதைக்கு வேண்டாம்.

சத்துக் கணக்கில் கஞ்சித்தண்ணி வரவே வராது. ஐ.சி.யூ.வில் கிடந்த கடும் நோயாளிகளை லண்டனில் ஆராய்ந்து, முடிவை 2013இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் தொடைத்தசை சராசரியாக ஆறில் ஒரு பங்குக்கு மேல் கரைந்திருந்தது. அதை மீட்கப் புரதம் வேண்டும்: உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராமாவது. ஐம்பது கிலோ உள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 கிராம். ஒரு முட்டையில் இருப்பதோ சுமார் 6. முட்டை, தயிர், பயறு, முள் நீக்கி அரைத்த மீன் எல்லாவற்றையும் சிறிது சிறிதாக, பல வேளை சேர்த்தால்தான் எட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவோடு நிறுத்துங்கள். வாயால் போதவில்லை என்றால் மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாய் சில வாரம் இருக்கட்டுமே, அதில் என்ன குறைச்சல்?

ஊட்டும்போது நிமிர்த்தி உட்காரவையுங்கள். உண்டபின் அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள். வாயைச் சுத்தமாக வையுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே கேளுங்கள்: "விழுங்குவதைப் பரிசோதித்தீர்களா? எந்தப் பதத்தில் கொடுக்கலாம்?" பதில் தெளிவாக இல்லையென்றால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். அதுவரை டம்ளரை எடுக்காதீர்கள்.