ஆட்டத்தாளில் ஓர் அலவாங்கு



1848ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள், தம்புள்ளையிலிருந்து கண்டியை நோக்கிப் புறப்பட்ட கிளர்ச்சிக் கூட்டமொன்று மாத்தளை நகரிற் புகுந்து அங்கிருந்த அரசாங்கக் கச்சேரியைத் தாக்கியது. இரு நாள்களுக்கு முன்னர்த் தம்புள்ளையில் அரசனாக முடிசூட்டப்பெற்ற கொங்காலேகொட பண்டாவும், அவருடைய படைக்கு வலக்கையாக விளங்கிய வீர புரன் அப்புவும் அக்கூட்டத்தின் தலைவர்கள். அன்று கச்சேரியில் அழிந்தவற்றுள் வரிப் பதிவேடுகளும் அடங்கும். ஏட்டின்மீது ஏன் இத்தனை சினம் என்று கேட்கலாம். அந்த ஜூலை முதலாம் நாள் தொட்டு ஆளுநர் டோரிங்டன் பிரபுவின் ஆட்சி துவக்குக்கும் நாய்க்கும் வண்டிக்கும் கடைக்கும் வரி விதித்திருந்தது. ஏட்டில் ஏறாத துவக்கு, சுவரோரம் சாய்ந்து கிடக்கும் ஒரு கருவி மாத்திரமே. ஏட்டில் ஏறிய மறுகணம் அதற்குரியவன் அரசாங்கத்துக்குக் கடன்பட்டவன் ஆகிவிடுகிறான். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார், பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

ஒருவன் கையில் என்னென்ன உள என்று எழுதிவைக்கும் வழக்கம் மாத்தளைக்கு அதனினும் மிகப் பழையது. நகருக்கு அணித்தாயுள்ள அலுவிகாரையில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை வாய்மொழியாக வழங்கிவந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பெற்றது என்பது வரலாறு. அந்நூற்றொகுதியைப் போற்றிக் காத்த துறவியர் வைத்துக்கொள்ளத் தக்க பொருள்கள் எட்டே: மூன்று ஆடைகள், ஒரு பிட்சாபாத்திரம், ஒரு சவரக்கத்தி, ஓர் ஊசி, ஓர் இடைக்கச்சு, ஒரு நீர்வடிகட்டி. சிங்களத்தில் அட்டபிரிகர என வழங்கும் இந்த எட்டும் ஒரு மனிதனின் வாழ்வு முழுவதையும் ஒற்றை வரியில் அடக்கிவிடுகின்றன.

இப்பழஞ்செய்திகளை நினைவூட்டுவதற்குக் காரணம் ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி நால்வரோ ஐவரோ அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்து, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டங்கள் மேனாடுகளில் பெருவழக்கு. இவ்வகையில் முதன்முதல் அச்சேறி விற்பனைக்கு வந்தது, அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் ஆக்கி 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஆடுவோர் ஒவ்வொருவர் முன்னும் ஒரு தாள் இருக்கும். தம் மாந்தரின் பெயர், வலிமை, அறிவு, காயம், கையிருப்பு யாவும் அதில் எழுதப்பெறும். விதி எளிது; கண்டிப்பானதும்கூட. தாளில் இல்லாத பொருள் கையிலும் இல்லை. இருட்குகையில் நிற்பவன் தாளில் பந்தம் எழுதப்படவில்லையெனில் அவன் இருட்டிலேயே நிற்க வேண்டியதுதான். 1974ஆம் ஆண்டுப் பட்டியலிலேயே ஐம்பதடிக் கயிறும், பத்தடிக் கழியும், ஒரு டசின் இரும்பு முளைகளும், எண்ணெய்க் குப்பியும், ஒரு பல் வெள்ளைப்பூண்டும் இருந்தன. அப்பூண்டு சமையலுக்கன்று, இரத்தக்காட்டேரியை விரட்டுவதற்கு!

தாள் இன்று திரைக்கு ஏறிவிட்டது. 2012இல் தோன்றிய ரோல்20, 2017இல் தோன்றிய டி அண்ட் டி பியாண்ட் போன்ற தளங்களில் ஆட்டத்தாள் ஒரு மின்னேடாக விளங்குகிறது. பொருளின் பெயரைத் தொட்டால் போதும்; அதன் எடையும் விலையும் பயனும் தாமே கணக்கில் ஏறிவிடும். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஓர் அலவாங்கின் எடை ஐந்து இறாத்தல், விலை இரண்டு பொற்காசு. நெம்புதற்குரிய இடத்தில் அதனைப் பயன்படுத்துவோன் பகடையை இருமுறை உருட்டி, மேலான எண்ணை எடுத்துக்கொள்ளலாம். இவ்விதிகளின் அடிப்படைத் தொகுதி 2023ஆம் ஆண்டு ஜனவரியில் யாவரும் எடுத்தாளத்தக்க பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. ஆகவே மாத்தளையிலோ மட்டக்களப்பிலோ உள்ள ஓர் இளைஞர் அதனைத் தமிழாக்க விரும்பினால், சட்டம் அவரைத் தடுக்காது. தடுப்பவை சொற்கள்.

முதற்கண் தலைப்பே தொல்லை தருகிறது. கதைமாந்தரைப் பாத்திரம் என்பது நம்மவர் வழக்கம். பாத்திரத்தாள் என்று எழுதினாலோ, சமையலறைச் சாமான் பட்டியலோ என்று மயங்க இடமுண்டு. அலுவிகாரைத் துறவியின் தாளில் பாத்திரம் என்பது ஆளையும் குறிக்கும், அவர் கையிலுள்ள கலத்தையும் குறிக்கும்! மாந்தர் தாள் என்றோ ஆட்டத்தாள் என்றோ கொள்வதே நேரிது.

அடுத்தது, சொல் தனித்து நிற்றல். நூலை மொழிபெயர்ப்போருக்கு முன்னும் பின்னும் வாக்கியம் துணைசெய்யும். மின்தாளை மொழிபெயர்ப்போருக்கோ ஒற்றைச் சொற்கள் வரிசையாக வந்து விழும், அவற்றுக்குச் சுற்றமில்லை. மேஸ் என்றோர் ஆங்கிலச் சொல் வருகிறது. மாத்தளையின் வாசனைத் தோட்டங்களை அறிந்தவர் அதனைச் சாதிபத்திரி என்றே முதலில் எண்ணுவர். சாதிக்காயைச் சூழ்ந்து செந்நிறமாய் விளங்கும் அத்தோல் அம்மாவட்டத்தின் செல்வங்களுள் ஒன்றன்றோ? ஆட்டத்திலோ அச்சொல் குறிப்பது நான்கு இறாத்தல் எடையுள்ள போர்க்கருவியை, வீமன் கையிலிருந்த கதையை. சரி, கதை என்றே எழுதிவிடலாம் என்றால், பொருட்பட்டியலில் 'கதை – 1' என்று நிற்கும். அதனைக் காண்பவர், இவர் மூட்டையில் ஒரு கதையையும் சுமந்து செல்கிறார் போலும் என்று கருதுவர். தண்டாயுதம் என்று எழுதினால் மயக்கம் தீரும். ஆயின் திரையில் ஒதுக்கிய கட்டத்துள் அடங்குமா என்பது வேறு கேள்வி. வளையங் கோத்த இரும்புச் சட்டையைக் குறிக்கும் செயின் மெயில் என்பது, கவனமின்றிக் கையாண்டால் சங்கிலி அஞ்சல் ஆகிவிடக்கூடும். போல்ட் என்பது குறுக்குவில்லின் அம்பா, கதவின் தாழ்ப்பாளா என்பதைத் தனிச்சொல் சொல்லாது.

1848இன் துவக்குக்கு இங்கே மீண்டும் வரவேண்டியிருக்கிறது. ஈழத்தில் துவக்கு என்பதும் தமிழகத்தில் துப்பாக்கி என்பதும் ஒரே துருக்கிச் சொல்லின் வழி வந்தவை என்பர். ஈழத்தவர் செவிக்குத் துவக்கு என்றால் வெடிக்கும் கருவி. தமிழகத்திலோ அது 'தொடங்கு' என்னும் ஏவலும் ஆகும். கணினித் திரையில் ஒரு பணியைத் தொடங்கிவைக்கும் பொத்தானுக்கும் அச்சொல்லைப் பொறிக்கிறார்கள். ஒரே தாளில் பொருட்பட்டியலில் ஒரு துவக்கும், அடியில் ஒரு துவக்குப் பொத்தானும் நின்றால், மாத்தளைப் பிள்ளை எதனை அழுத்தும்? இலங்கைக்கான தாளில் பொத்தானுக்குத் 'தொடங்கு' என்று எழுதித் துவக்கை அதன் உடையவரிடமே விட்டுவிடுவது முறை.

படைக்கலப் பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. திவாகர நிகண்டு செயற்கை வடிவப் பெயர்களுக்கென்று ஒரு தொகுதியையே ஒதுக்கியுள்ளது. வாள், வேல், வில், ஈட்டி, மழு, கவண், கேடயம், அம்பறாத்தூணி என அடுக்கிக்கொண்டே போகலாம். மொழிபெயர்ப்பாளர் கை தடுமாறுவது வீரன் வாளில் அன்று; அவன் மூட்டையில். கயிறு, சாக்கு, முளை, நெம்புகோல், தோண்டும் கருவி, மழை மறைப்பு ஆகிய எளிய பொருள்களுக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு. நூல்களிலே அவை அருகியே காணப்படும். வெள்ளைப்பூண்டையே யாழ்ப்பாணத்தார் உள்ளி என்பர். அகராதியைப் புரட்டி எழுதும் தாள் இங்கேதான் உயிரற்றுப் போகிறது. நெம்புகோல் என்று எழுதினால் பொருள் விளங்கும். ஆயினும் எவரும் தம் வீட்டு மூலையில் அப்பெயருள்ள கருவி ஒன்றைக் கண்டதில்லை. தமிழகத்தார் கண்டது கடப்பாரை. இலங்கையர் கண்டது அலவாங்கு.

அலவாங்கு போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். அலவாங்கா என்பது அவர்தம் உச்சரிப்பு. அந்நியச் சொல்லை ஏன் புகுத்தவேண்டும் என்று தூய தமிழ் விரும்புவோர் வினவுதல் இயல்பே. 1950களிலும் 60களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டபோதும் இவ்வகை வினா எழாமல் இல்லை. அறிவியற் கருத்துக்குப் புதுச்சொல் ஆக்குவது வேறு. பாட்டன் கையிற் பிடித்த இரும்பின் பெயரை மாற்றுவது வேறு. தாளைப் பார்த்தவுடன் பிள்ளையின் உள்ளங்கை அப்பொருளின் குளிர்ச்சியையும் கனத்தையும் உணரவேண்டும். அலவாங்கு என்னும் சொல்லுக்கு அந்த ஆற்றல் உண்டு.

மாத்தளையின் தோட்டங்களில் இத்தகைய சொற்கள் நிறைந்து கிடக்கின்றன. கோப்பி அழிந்தபின் தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் பயிரான அம்மலைகளில், வேலைக்குச் செல்வோர் விடியலிற் கூடும் இடம் பெரட்டுக்களம். ஆங்கிலப் படையினரின் அணிவகுப்புச் சொல்லே அவ்வாறு திரிந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கோலத்தை ஓர் ஆட்டத்தாளாக எழுதிப் பார்க்கலாம்: தலையிலிருந்து கயிற்றால் முதுகில் தொங்கும் கூடை, இடையிற் சுற்றிய படங்கு, கையில் மட்டக் குச்சி. கவ்வாத்து வெட்டுவோனுக்குக் கவ்வாத்துக் கத்தி. புல் அகற்றுவோருக்குச் சுரண்டி. கான் வெட்டுவோனுக்கு மம்பட்டியும் அலவாங்கும். மண்ணைக் கிளறுவோனுக்கு முள்ளு. இறப்பர்த் தோட்டத்திலே பால்வெட்டும் கத்தி, சிரட்டை, வாளி. படங்கு என்பதொன்றே மழைக்குப் போர்வையாகவும், தரைக்கு விரிப்பாகவும், ஆட்டத்தில் ஒரு கூடாரத்தின் கூரையாகவும் ஆகத்தக்கது. மேனாட்டுத் தாள் மூன்று பொருள்களுக்கு மூன்று வரி எழுதும்.

தாளின் தலைவரியாகிய பெயர் என்பதும் தோட்டத்திலே தனிப்பொருள் பெறும். 'பேர் விழுந்தது' என்றால், அன்றைய நாட்கூலி பதிவேட்டில் ஏறியது என்று பொருள். அரைநாள் வேலைக்கு அரைப்பேர். கூடை நிறையாத நாளில் ஒரு மனிதரின் பேர் பாதியாகிவிடும்! 1848இல் ஏட்டில் ஏறுவதை அஞ்சினார்கள். தோட்டத்தில் ஏட்டில் ஏறாமற் போவதை அஞ்சினார்கள்.

கணினி தரும் சிறு தொல்லைகள் சிலவும் உள. கூடை என்பது நம் கணக்கில் இரண்டெழுத்து. கணினியின் கணக்கில் நான்கு குறி. அலவாங்கு ஐந்தெழுத்து, அங்கே எட்டு. கட்டத்துக்கு இத்தனை குறியென்று ஆங்கிலத்தை எண்ணி வரையறுத்தால், தமிழ்ச் சொல் கால் ஒடிந்து நிற்கும். அகர வரிசையையும் இயந்திரம் தன் போக்கில் அமைத்துவிடும். அதன் குறிவரிசையில் றகரம் ரகரத்தை அடுத்தும், னகரம் நகரத்தை அடுத்தும் வந்து அமர்கின்றன. பன்மையில் மாத்திரம் தமிழ் எளிது. பத்து அலவாங்கு என்றாலே போதும், 'கள்' வேண்டுவதில்லை. ஆங்கிலத் தாளைப் பார்த்து அதனை ஒட்டவைப்போர் வீண் வேலை செய்கின்றனர்.

இச்சொற்கள் எத்துணைக் காலம் நிற்கும் என்பதே கவலைக்குரியது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். சுரண்டியின் பெயரை அறியாத தலைமுறை வளர்கிறது. மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மலரன்பன் போன்ற எழுத்தாளரின் சிறுகதைகளில் மலையக வாழ்வும் அதன் பேச்சும் இடம்பெற்றுள்ளன. கதை நூலை எடுக்காத பிள்ளையும் திரையை எடுக்கிறது.

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, 2023ஆம் ஆண்டில் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்டில் மாத்தளையில் நிறைவடைந்தது. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியத் தொழிலாளர் கரையிறங்கிக் காட்டினூடே நடந்து வந்த வழி அது. வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவ்வழியையே ஓர் ஆட்டமாக அமைக்க எவரேனும் முற்படுவாராயின், அவருடைய ஆட்டத்தாளில் வாளும் கேடயமும் இரா. கம்பளி ஒன்று, சட்டி ஒன்று, அரிசி முடிச்சு ஒன்று, தீப்பந்தம் இரண்டு என்று அப்பட்டியல் தொடங்கும். அலவாங்குக்குரிய கட்டம் மாத்தளை சேரும்வரை வெறுமையாகவே இருக்கும். அதைத் தோட்டந்தான் கையிற் கொடுத்தது.